ஆறு நாவல், ஒரு மேசை

எங்கள் வாசிப்பு வட்டத்தில் பன்னிரண்டு பேர். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, நூலகத்தின் மாடி அறையில், மாலை நான்கு மணிக்குக் கூடுவோம். அங்கே ஒரே ஒரு மின்விசிறிதான் ஓடும். அதன் கீழே நாற்காலி பிடிக்கத்தான் பாதிப் பேர் நேரத்துக்கு வருகிறார்கள் என்று எனக்கொரு சந்தேகம் உண்டு. இந்த முறை சர்வாதிகாரத்தைப் பற்றிய நாவல் ஒன்றை எடுத்து, நான்கு கூட்டங்களுக்கு அதை மட்டுமே பேசுவது என்று தீர்மானித்தோம். எதை எடுப்பது என்பதில்தான் இழுபறி. மேசை மேல் ஆறு புத்தகங்கள் வந்து விழுந்தன: ஜார்ஜ் ஆர்வெலின் "1984", அவருடையதே "விலங்குப் பண்ணை", ஆல்டஸ் ஹக்ஸ்லியின் "பிரேவ் நியூ வேர்ல்டு", யெவ்கெனி ஸம்யாதினின் "நாம்", ரே பிராட்பரியின் "ஃபாரன்ஹீட் 451", ஆர்தர் கோஸ்லரின் "டார்க்னெஸ் அட் நூன்".

ஆறையும் முன்பே படித்தவன் என்பதால் ஒப்பிட்டுச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அன்று வாயால் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கு உதவலாம். நான் பார்த்தது பெரிதாக ஒன்றுமில்லை. படித்து முடித்த மறுநாள் காலை பேப்பரைப் பிரிக்கும்போது அந்தப் புத்தகம் கூடவே உட்கார்ந்து படிக்கிறதா என்பது முதல் கேள்வி. எல்லாரும் கடைசிப் பக்கம் வரை வந்து சேர்வார்களா, ஊரில் பிரதி கிடைக்குமா என்பவை அடுத்தவை. கடைசிக் கேள்வியைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். வாசிப்பு வட்டங்கள் பெரும்பாலும் அதில்தான் உடைகின்றன.

"விலங்குப் பண்ணை"யை முதலிலேயே ஒதுக்கினேன். மட்டமான புத்தகம் என்பதால் அல்ல, ஒரு மாலையில் முடிந்துவிடும் என்பதால். போர்க்காலத்தில் ஸ்டாலின் பிரிட்டனின் கூட்டாளியாக இருந்ததால் பல பதிப்பாளர்கள் அதைத் தொடப் பயந்தார்கள். ஃபேபர் பதிப்பகத்தில் இருந்த டி.எஸ். எலியட்டே திருப்பி அனுப்பினார். 1945 ஆகஸ்டில்தான் வெளிவந்தது. ரஷ்யப் புரட்சியைப் பண்ணை விலங்குகளின் கதையாகச் சொல்வது அது. யார் ஸ்டாலின், யார் ட்ராட்ஸ்கி என்ற சாவி கையில் கிடைத்ததும் வாசகர்கள் பூட்டைத் திறந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன இடம். பன்றிகள் படுக்கையில் தூங்க ஆரம்பித்த பிறகு க்ளோவர் என்ற குதிரை, கொட்டகைச் சுவரில் எழுதியிருக்கும் கட்டளையைப் படித்துக் காட்டச் சொல்கிறது. "படுக்கையில் விரிப்புடன் தூங்கக் கூடாது" என்று இருக்கிறது. விரிப்பைப் பற்றி முன்னால் எதுவும் இருந்ததாக அதற்கு ஞாபகம் இல்லை. ஆனால் சுவரில் இருக்கிறதே, அப்படியானால் இருந்திருக்கத்தான் வேண்டும். இந்த ஒரு விதையைத்தான் ஆர்வெல் அடுத்த நாவலில் மரமாக வளர்த்தார். மரமே இருக்கும்போது விதைக்கு நான்கு ஞாயிறு எதற்கு?

ஸம்யாதினின் "நாம்" இந்தக் கூட்டத்துக்கெல்லாம் பாட்டன். 1920-21இல் எழுதப்பட்டது. ரஷ்யாவில் அச்சேற விடவில்லை. 1924இல் நியூயார்க்கில் ஆங்கிலத்தில்தான் முதலில் வந்தது. சொந்த நாட்டில் வெளியாக 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸம்யாதின் கப்பல் கட்டும் பொறியாளர். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் நியூகாசிலில் ரஷ்யாவுக்காகப் பனியுடைக்கும் கப்பல்கள் கட்டுவதை மேற்பார்த்தவர். அந்தக் கணக்கு மூளை நாவல் முழுக்க ஓடுகிறது. ஆட்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். வீடுகள் முழுக்கக் கண்ணாடி. இளஞ்சிவப்புச் சீட்டு வைத்திருந்தால் மட்டும் கொஞ்ச நேரம் திரையை இறக்கிக்கொள்ளலாம். கடைசியில் கற்பனை என்ற உறுப்பையே அறுவை செய்து எடுத்துவிடுகிறார்கள். ஆர்வெல் இதைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படித்து 1946 ஜனவரியில் மதிப்புரை எழுதினார். அதன் சாயல் "1984"இல் நன்றாகவே தெரியும். மூலத்தைத்தானே படிக்க வேண்டும் என்று எங்களில் ஒருவர் கேட்டார். நியாயம்தான். ஆனால் டி-503 என்ற கதாநாயகனின் நாற்பது குறிப்புகளும் ஜுரத்தில் எழுதியவை போல வாக்கியங்கள் பாதியில் அறுந்து அறுந்து போகும். தனியாக உட்கார்ந்து படிக்க அருமையான புத்தகம். பன்னிரண்டு பேரை இழுத்துக்கொண்டு போகிற புத்தகம் இல்லை.

"ஃபாரன்ஹீட் 451"க்கு இரண்டு பலம். ஒன்று, தமிழில் வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பு, க்ரியா வெளியீடு. இரண்டு, அது எழுதப்பட்ட இடம். லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில், அரை மணிக்குப் பத்து சென்ட் காசு போட்டால் ஓடும் வாடகைத் தட்டச்சில் அடித்தார் பிராட்பரி. நூலகத்துக்குள் பிறந்த புத்தகம் நூலக மாடியில் படிக்கப்படுவது ஒரு அழகு. 1953இல் வந்த இதைப் பலரும் அரசாங்கம் புத்தகத்தை எரிக்கிற கதை என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். புத்தகம் எரிப்பதையே வேலையாகக் கொண்ட தீயணைப்புப் படையின் தலைவன் பீட்டி சொல்வதைக் கவனித்தால் வேறு சங்கதி தெரியும். முதலில் மக்களே படிப்பதை விட்டார்கள், எல்லாவற்றையும் சுருக்கச் சொன்னார்கள், யாருக்கும் மனம் நோகக் கூடாது என்று ஒவ்வொன்றாக வெட்டினார்கள். நெருப்பு வந்தது கடைசியில்.

தமிழ் வாசகர்கள் நாற்பது பக்கம் தாண்டுவதற்குள் யாழ்ப்பாணத்தை நினைப்பார்கள். நினைக்காமல் இருக்க முடியாது. 1981 மே 31 இரவுக்கும் ஜூன் 1க்கும் இடையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் போயின. ஆனால் பிராட்பரியின் தர்க்கம் அங்கே தலைகீழாகிறது. அந்த ஊர் படிப்பதை விட்டதால் நூலகம் எரியவில்லை, விடாமல் படித்ததால் எரிக்கப்பட்டது. வாசிக்கிற சமூகத்தின் மீது வைக்கும் நெருப்பைப் பற்றி பிராட்பரியிடம் அதிகம் இல்லை. அவருடைய கவலை, சுவர் முழுக்கத் தொலைக்காட்சி வைத்துக்கொண்டு அதிலே வருகிறவர்களைக் குடும்பம் என்று சொல்லும் மில்ட்ரெட் மாதிரியான ஆட்களைப் பற்றியது. அது உண்மையான கவலைதான், ஆனால் நாங்கள் தேடியது அது இல்லை.

அடுத்தது ஹக்ஸ்லி. இங்கேதான் சத்தம் அதிகம். எங்கள் வட்டத்தில் கல்லூரி இறுதியாண்டு படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். "இப்ப யாரு சார் அடிச்சு மிரட்டறாங்க? கையில போனைக் குடுத்துட்டாப் போதுமே" என்றாள். இந்த வாதம் பழையது. ஆர்வெல் பயந்தது நம்மை வதைப்பதை வைத்து அடக்குவதற்கு, ஹக்ஸ்லி பயந்தது நமக்குப் பிடித்ததைக் கொடுத்து அடக்குவதற்கு, வென்றது ஹக்ஸ்லி என்று முடியும். ஹக்ஸ்லியேகூட இந்த வழக்கைத் தானே நடத்தியிருக்கிறார். ஈட்டன் பள்ளியில் சிறிது காலம் அவர் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த மாணவர்களில் எரிக் பிளேர் ஒருவர். பின்னாளில் ஜார்ஜ் ஆர்வெல் என்று பெயர் வைத்துக்கொண்டவர் அவர்தான். "1984" வெளிவந்த பிறகு, 1949 அக்டோபரில், பழைய வாத்தியார் மாணவனுக்கு ஒரு கடிதம் எழுதினார். புத்தகத்தைப் பாராட்டிவிட்டு, வருங்கால ஆட்சியாளர்களுக்குத் தடியும் சிறையும் வேண்டியிருக்காது, குழந்தைப் பருவத்திலேயே பழக்கிவிடுவதும் மருந்து கொடுத்து மயக்குவதும் செலவு குறைந்த வழி என்று கண்டுகொள்வார்கள் என்றார். மதிப்பெண் போடும்போது தன் விடைத்தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்ட வாத்தியார்!

1932இல் வந்த "பிரேவ் நியூ வேர்ல்டு"இன் முதல் மூன்று அத்தியாயங்களுக்கு ஈடாகச் சொல்லக்கூடியவை குறைவு. குழந்தைகள் புட்டியில் விளைகின்றன. ஒரே கருவிலிருந்து 96 இரட்டையர் வரை எடுக்கலாம். தவழும் குழந்தைகள் முன்னால் பூவும் புத்தகமும் பரப்பி, அவை ஆசையாகக் கை நீட்டும் நேரத்தில் சங்கு அலற, தரையில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். கொஞ்ச நாளில் புத்தகத்தைப் பார்த்தாலே அழும். பெரியவர்களுக்குத் துக்கம் வந்தால் சோமா மாத்திரை. அந்தப் பெயரை ஹக்ஸ்லி எடுத்தது நம் பக்கத்து வேதத்திலிருந்து. எல்லாம் சரி, ஆனால் நாவலாக அது பாதியில் தளர்ந்துவிடும். ஷேக்ஸ்பியரை மனப்பாடம் செய்த ஜானும், தடை செய்த புத்தகங்களை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் ஆட்சியாளர் முஸ்தஃபா மாண்டும் மாறி மாறிப் பேசும் இடம் பட்டிமன்றம் ஆகிவிடுகிறது. நல்ல பட்டிமன்றம்தான், தீர்ப்பையும் நடுவரையும் சேர்த்தே எழுதிவிட்டார்.

எனக்கு அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. ஹக்ஸ்லி வென்றார் என்று சொல்பவர்கள் ஆர்வெலைச் சரியாகப் படிக்கவில்லை என்பது என் கட்சி. "1984"இல் ஆளும் கட்சிக்காரர்கள் பதினைந்து சதவீதம்தான். மீதி 85 சதவீதம் பாட்டாளிகள். ஆளைக் கண்காணிக்கும் டெலிஸ்கிரீன் என்ற திரையே அவர்கள் வீடுகளில் பெரும்பாலும் கிடையாது. அவர்களை யாரும் ஒட்டுக்கேட்பதில்லை, தேவைப்படவில்லை. வாராவாரம் லாட்டரி இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவன்கூட லாட்டரி எண்களை வைத்துக்கொண்டு பெரிய கணக்கெல்லாம் போடுவான். பெரிய பரிசுகள் விழுந்ததாக அறிவிக்கப்படும் ஆட்கள் யாரும் உண்மையில் இருப்பவர்களே அல்ல. குப்பை நாவல்களை இயந்திரம் எழுதுகிறது, கதாநாயகனின் காதலி ஜூலியா வேலை செய்வது அந்தப் பிரிவில்தான். காதல் பாட்டுகளை மனிதக் கை படாமல் இன்னொரு இயந்திரம் கட்டிக்கொடுக்கிறது. அதில் ஒரு பாட்டைத் துணி காயப்போடும் ஒரு பெண்மணி பாடுகிறாள், அவள் குரலில் அது அழகாகவே இருக்கிறது. ஹக்ஸ்லியின் உலகம் மொத்தமும் ஆர்வெலின் நாவலில் ஒரு பேட்டையாக அடங்கியிருக்கிறது. கல்லூரிப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "அப்ப ஏன் சார் எல்லாரும் கேமராவைப் பத்தியே பேசறாங்க?" என்றாள். அது ஆர்வெலின் தப்பில்லையே.

உண்மையான போட்டி கோஸ்லரோடுதான். இதைச் சொன்னதும் மேசையைச் சுற்றி இரண்டு பேர்தான் தலையாட்டினார்கள், மற்றவர்கள் அந்தப் பெயரையே கேட்டதில்லை. கோஸ்லர் ஹங்கேரியில் பிறந்தவர், ஸ்பெயின் போரின்போது ஃபிராங்கோ படையிடம் பிடிபட்டு, எப்போது சுடுவார்கள் என்று தெரியாமல் செவில் நகரச் சிறையில் கிடந்தவர். ஏழு வருஷம் போல இருந்த கம்யூனிஸ்ட் கட்சியை 1938இல் விட்டார். 1936 முதல் 1938 வரை மாஸ்கோவில் நடந்த விசாரணைகளில், புரட்சியை உண்டாக்கிய ஆட்களே எழுந்து நின்று "நான் ஒற்றன், துரோகி" என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். புகாரின் போன்ற அறிவாளி எப்படி அதைச் சொன்னார்? அடி தாங்காமலா? கோஸ்லரின் நாவல் இந்த ஒரு கேள்விக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறது.

ருபஷோவ் பழைய புரட்சிக்காரர். சிறையறையில் பல்வலியோடு மூக்குக்கண்ணாடியைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டு முன்னும் பின்னும் நடக்கிறார். பக்கத்து அறை 402-இல் இருப்பவன் மன்னராட்சிக்காலத்து அதிகாரி, பரம எதிரி. இருவரும் சுவரைத் தட்டிப் பேசிக்கொள்கிறார்கள். எழுத்துக்களைச் சதுரக் கட்டத்தில் அடுக்கி, எத்தனையாவது வரிசை, எத்தனையாவது எழுத்து என்று தட்டுவது. (தமிழில் 247 எழுத்து. ஒரு "வணக்கம்" சொல்லி முடிப்பதற்குள் விடிந்துவிடும் என்று எங்களில் ஒருவர் கணக்குப் போட்டார்.) விசாரிக்கிறவர்கள் இரண்டு பேர். இவானோவ் பழைய நண்பர், வாதத்தால் வளைக்கப் பார்க்கிறார். க்ளெட்கின் புதுத் தலைமுறை, கண்ணில் விளக்கை அடித்துத் தூங்க விடாமல் வைக்கிறான். முன்பு கட்சிக்காக ருபஷோவே கைவிட்ட ஆட்கள் ஒவ்வொருவராக நினைவில் வருகிறார்கள். அவர்களில் அவருடைய உதவியாளர் ஆர்லோவாவும் உண்டு. "நான்" என்ற சொல்லையே இலக்கணத்தில் மட்டும் இருக்கும் கற்பனை என்று நம்பப் பழகியவர், கடைசியில் அந்த நானைத் தேடுகிறார். கிடைப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது.

இந்த நாவலுக்கு ஒரு தனிக்கதையும் உண்டு. கோஸ்லர் ஜெர்மனில் எழுத எழுத, பாரிஸில் அவரோடு இருந்த டாஃப்னி ஹார்டி ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டே வந்தார். 1940இல் ஜெர்மன் படை நுழைந்தபோது ஆங்கிலப் பிரதி மட்டும் லண்டன் போய்ச் சேர்ந்தது, மூலம் தொலைந்துபோனது. அதற்குப் பிறகு உலகம் படித்ததெல்லாம் அந்த அவசர மொழிபெயர்ப்பையும் அதன் வழி வந்தவற்றையும்தான். 2015இல் சூரிக் நூலகம் ஒன்றில் ஜெர்மன் தட்டச்சுப் பிரதி அகப்பட்டது. 2019இல் ஃபிலிப் போம் அதிலிருந்து புதிதாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். வாங்குவதாக இருந்தால் அந்தப் புதிய மொழிபெயர்ப்பை வாங்குங்கள்.

"1984"ஐவிட இது ஒரு இடத்தில் ஆழம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "1984"இல் கட்சி அதிகாரி ஓ'பிரையன் கதாநாயகன் வின்ஸ்டனை உடைப்பது வெளியிலிருந்து, வலியால், எலியால். ருபஷோவ் உள்ளிருந்து உடைகிறார், தன் தர்க்கத்தாலேயே. கட்சி, இயக்கம், சங்கம் என்று எதிலாவது பத்து வருஷம் இருந்தவர்களுக்கு அந்த நாவல் எங்கே குத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்களில் வங்கித் தொழிற்சங்கத்தில் காலம் கழித்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் அதை முன்பே படித்தவர், அன்று அதிகம் பேசவில்லை. "இதை எடுத்தா நான் நாலு கூட்டமும் வர்றேன்" என்று மட்டும் சொன்னார். முதல் வாக்கெடுப்பில் கோஸ்லருக்கு ஐந்து, ஆர்வெலுக்கு நான்கு, ஹக்ஸ்லிக்கு மூன்று. வருகைப் பதிவேடு எழுதும் சார் நோட்டில் "தேர்ந்த நூல்: டார்க்னெஸ் அட் நூன்" என்று எழுதிவிட்டார்.

இந்த சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருவாய்த் துறையில் முப்பது வருஷம் எழுத்தர். அடங்கல், சிட்டா, பட்டா மாறுதல் என்று கட்டுக்கட்டாகப் பார்த்து ஓய்வு பெற்றவர். நாவல் படிக்கும் பழக்கம் ஓய்வுக்குப் பிறகு வந்தது. வாக்கெடுப்பு முடிந்த அந்த இரண்டு வாரத்தில், மேசையில் கிடந்த "1984"ஐ எடுத்துப்போய், ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும் என்றாலும், முதல் பாகம் முழுக்கப் படித்துவிட்டு வந்தார். வந்ததும் வராததுமாகக் கல்லூரிப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்: "ஏம்மா, இது கேமரா கதைன்னீங்க. இது ரெக்கார்டு செக்‌ஷன் கதைம்மா."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் நான் சுற்றி வளைத்துச் சொல்ல நினைத்ததும் இதுதான்.

வின்ஸ்டன் ஸ்மித்துக்கு வயது 39, கணுக்காலுக்கு மேலே ஆறாத புண், உண்மை அமைச்சகத்தின் பதிவேட்டுப் பிரிவில் வேலை. குழாய் வழியாகச் சின்னச் சின்னத் துண்டுத்தாள் வரும். பழைய நாளிதழில் எந்த இடத்தை எப்படி மாற்ற வேண்டும் என்று அதில் குறிப்பு இருக்கும். மாற்றி எழுதிக் கொடுத்தால் அந்த நாளிதழ் புதிதாக அச்சாகி அலமாரியில் ஏறும், பழைய பிரதி எரியும். ஒரு நாள் வேலையை ஆர்வெல் பொறுமையாகக் காட்டுகிறார். ஆட்சித் தலைவரான பெரியண்ணன் தன் பேச்சில், தென்னிந்தியப் போர்முனை அமைதியாக இருக்கும், எதிரி வட ஆப்பிரிக்காவில்தான் தாக்குவான் என்று சொல்லியிருந்தார். எதிரி தென்னிந்தியாவில் தாக்கிவிட்டான். உடனே பேச்சைத் திருத்து, நடந்ததை முன்பே சொன்னதாக ஆக்கு. அடுத்த தாள், பூட்ஸ் கணக்கு. ஒரு காலாண்டுக்கு 14.5 கோடி ஜோடி என்று மதிப்பிட்டிருந்தார்கள். ஆனது 6.2 கோடி என்று சொல்கிறார்கள். வின்ஸ்டன் மதிப்பீட்டை 5.7 கோடியாகக் குறைக்கிறான், இலக்கைத் தாண்டியாயிற்று. ஒரு ஜோடிகூட உற்பத்தி ஆகாமலும் இருந்திருக்கலாம், பாதி ஜனம் வெறுங்காலோடு நடக்கிறது என்பது மட்டும் தெரியும்.

தென்னிந்தியா என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தீர்களா? நாங்களும்தான். மூன்று வல்லரசுகள் ஓயாமல் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொள்ளும் நிலப்பரப்பு என்று ஆர்வெல் கோடு போட்டது டான்ஜியர், பிராஸவில், டார்வின், ஹாங்காங் நான்கையும் மூலையாக வைத்து. நாம் அதற்குள் வருகிறோம். மலபார் போர்முனையில் மகத்தான வெற்றி என்று டெலிஸ்கிரீன் முழங்குகிறது. வெற்றிச் செய்தி பெரிதாக வந்தால் பின்னால் ஏதோ கெட்ட செய்தி வருகிறது என்று வின்ஸ்டனுக்குத் தெரியும். வருகிறது: சாக்லேட் ரேஷன் அடுத்த வாரம் முதல் 30 கிராமிலிருந்து 20 கிராம். மறுநாள், ரேஷனை 20 கிராமாக உயர்த்தியதற்குப் பெரியண்ணனுக்கு நன்றி சொல்லி ஊர்வலம் போனதாகச் செய்தி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பார்சன்ஸ் முகம் மலரக் கேட்டுக்கொண்டிருக்கிறான். இருபத்துநான்கு மணி நேரம் ஆகவில்லை. ரேஷன் கடை வரிசையில் நின்ற எவருக்கும் இந்தக் காட்சியின் கொடுமை விளக்கம் இல்லாமல் புரியும்.

சார் விட்ட இடத்துக்கு வருகிறேன். "ரெக்கார்டுல தப்பு வந்தா என்ன பண்ணணும்னு எங்களுக்குச் சொல்லிக்குடுத்தது என்ன தெரியுமா? சுரண்டக் கூடாது. வெள்ளை பூசக் கூடாது. ஒரே ஒரு கோடு. அடிச்சது கீழ படிக்கிற மாதிரி இருக்கணும். மேல சரியானதை எழுதி, பக்கத்துல சின்னக் கையெழுத்து, தேதி. ஏன்னா நாளைக்கு ஒருத்தன் வந்து, யார் மாத்தினா, எப்ப மாத்தினான்னு கேப்பான். இந்த வின்ஸ்டன் என்ன செய்யறான்? கோடே கிடையாது. தாளையே மாத்திடறான். இனிமே கேக்கறவனுக்கு ஆதாரமே இல்லை. எங்க காலத்துல அப்படிப் பண்ணினா, ஒருத்தன் நிலமே போயிடும்." கொஞ்சம் நிறுத்தி, "அப்படிப் பண்ணினவங்களும் இருந்தாங்க" என்றார். அறை அமைதியாகிவிட்டது.

ஆர்வெலுக்கு இது எங்கிருந்து வந்தது என்பதும் ஊகிக்க முடியாத விஷயமில்லை. அவர் பிறந்தது பீகாரின் மோதிஹாரியில், 1903இல். அப்பா அபினித் துறை அதிகாரி. பிறகு பர்மாவில் ஐந்து வருஷம் போலீஸ் வேலை. ஸ்பெயினில் போராடித் தொண்டையில் குண்டு வாங்கியவர். நடக்காத பெரும் போர்கள் நடந்ததாகவும், நூற்றுக்கணக்கானோர் மடிந்த இடத்தில் ஒன்றுமே நடக்காததாகவும் பத்திரிகைகள் எழுதியதை அங்கேதான் கண்ணால் பார்த்தார். 1941 முதல் 1943 வரை பிபிசியில் இந்தியாவுக்கான ஒலிபரப்பில் வேலை, எழுதும் ஒவ்வொரு வரியும் தணிக்கைக்குப் போய்வரும். அவர் மனைவி எய்லீன் போர்க்காலத் தகவல் அமைச்சகத்தின் தணிக்கைத் துறையிலேயே வேலை பார்த்தவர். ஆக, உண்மை அமைச்சகத்தின் சாப்பாட்டு அறையில் அடிக்கும் புளித்த நாற்றம் ரஷ்யாவிலிருந்து வந்ததல்ல, லண்டன் ஆபீஸிலிருந்து வந்தது. "நாம்" எழுதியவரும் "பிரேவ் நியூ வேர்ல்டு" எழுதியவரும் சர்வாதிகாரத்தை ஒரு இயந்திரமாகக் கண்டார்கள். ஆர்வெலுக்கு அது ஆபீஸ். பகல் சாப்பாட்டு வரிசை, மட்டமான ஜின், பக்கத்து மேசைக்காரன், திறமையாக வேலை செய்தால் வரும் ஒரு சின்னத் திருப்தி எல்லாம் அதில் உண்டு. வின்ஸ்டன் அந்தப் பொய் வேலையை ரசித்தும் செய்கிறான் என்பதை மறக்கக் கூடாது. தோழர் ஓகில்வி என்று இல்லாத ஒரு வீரனை ஒரு மணி நேரத்துக்குள் உண்டாக்குகிறான். மூன்று வயதில் பொம்மை வேண்டாம், முரசும் துப்பாக்கியும் போதும் என்றவன், இந்தியப் பெருங்கடலில் குதித்து உயிர் விட்டவன். காலையில் இல்லாதவன் மாலையில் வரலாறு.

மொழிப் பகுதியும் அதே ஆபீஸின் இன்னொரு மேசைதான். சைம் என்பவன், கட்சி உண்டாக்கும் நியூஸ்பீக் என்ற புது மொழியின் அகராதியில், பதினோராவது பதிப்பைத் தயாரிக்கிறான். மற்ற அகராதிகள் சொல்லைச் சேர்க்கும், இவனுடையது சொல்லை வெட்டும். "கெட்ட" என்ற சொல் எதற்கு, "நல்ல" என்பதற்கு முன்னால் ஒரு எதிர்மறை ஒட்டு போட்டால் முடிந்தது. சொல் போனால் நினைப்பும் போகும் என்று அவன் கண் மின்னச் சொல்கிறான். அவனும் ஒரு நாள் பட்டியலிலிருந்து போய்விடுகிறான். இந்தப் பகுதியைத் தமிழில் கொண்டுவருவது பெரிய சவால். ஆர்வெலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களில் க.நா.சு. முக்கியமானவர். ஆனாலும் இந்த இடங்களை மட்டும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

குறை இல்லையா? இருக்கிறது. ஜூலியாவை ஆர்வெல் பாதிதான் எழுதினார். கட்சியின் முதல் எதிரி என்று காட்டப்படும் கோல்ட்ஸ்டீனின் தடைசெய்த புத்தகம் என்று நடுவில் வரும் நீண்ட பகுதி நாவலின் கழுத்தில் கட்டிய அம்மிக்கல். வின்ஸ்டன் அதை வாசித்துக்காட்டும்போது ஜூலியா தூங்கிவிடுகிறாள், அதனால் அங்கே உங்களுக்குக் கண் சொருகினால் கூச்சப்பட வேண்டாம். அமெரிக்கப் புத்தகச் சங்கம் ஒன்று அதையும் பின்னிணைப்பையும் வெட்டினால்தான் எடுப்போம் என்றபோது, நல்ல பணம் போகும் என்று தெரிந்தும் ஆர்வெல் முடியாது என்றார். கடைசியில் சங்கம்தான் இறங்கி வந்தது. காசநோயோடு ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில், 1948 கடைசியில், படுக்கையில் இருந்தபடி தானே தட்டச்சு செய்து முடித்த பிரதி அது. 1949 ஜூன் 8இல் வெளியானது, 1950 ஜனவரி 21இல் அவர் இறந்தார், 46 வயது. மூன்றாம் பாகத்தின் இருட்டுக்கு அவர் உடம்பும் காரணம் என்று சிலர் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை, ஆனால் அந்தப் பாகம் படிக்க வலிக்கும் என்பதை வட்டத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

பின்னிணைப்பை விட்டுவிடாதீர்கள். நியூஸ்பீக்கின் இலக்கணத்தைச் சொல்லும் அந்தச் சில பக்கங்கள் முழுக்க இறந்தகாலத்தில், சாதாரண ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. அப்படியானால் அதை எழுதியது யார், எப்போது? அந்த ஆட்சி போய்விட்டதா? இந்த ஒரு கேள்விக்கே எங்கள் நான்காவது கூட்டம் போதாது என்று நினைக்கிறேன்.

காமிரா காலாவதியாகும், தாள் மாற்றும் வேலை ஆகாது. 2009 ஜூலையில் அமேசான், உரிமை இல்லாதவர் ஏற்றிய பதிப்பு என்ற காரணத்தால், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து சில புத்தகங்களைத் தொலைவிலிருந்தே அழித்தது. அவற்றில் "1984"ம் "விலங்குப் பண்ணை"யும் இருந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஜெஃப் பெஸோஸ் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். தீய எண்ணம் எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அலமாரியில் இருந்த புத்தகம் இரவோடு இரவாக இல்லாமல் போகும் என்று அன்றுதான் பலருக்கும் உறைத்தது. இதைச் சொன்னபோது, போனிலேயே படித்துக்கொள்ளலாம் என்று இருந்த கல்லூரிப் பெண் தாள் பிரதி வாங்குவதாகச் சொன்னாள்.

பிரதிக்கு வருகிறேன். இந்தியாவில் ஆசிரியர் இறந்து அறுபது வருஷம் வரைதான் காப்புரிமை. ஆர்வெல் 2011 முதல் பொதுச்சொத்து, மலிவுப் பதிப்புகள் எங்கும் கிடைக்கும். ஹக்ஸ்லி 1963இல் போனார், அவரும் இப்போது பொதுவுக்கு வந்துவிட்டார். கோஸ்லர் இறந்தது 1983இல், இன்னும் வெகு நாள் இருக்கிறது. எங்கள் நூலகத்தில் ஒரே ஒரு பழைய பிரதி, முதுகு பிய்ந்தது. பன்னிரண்டு பேர் அதைச் சுற்றுக்கு விட்டால் கடைசி ஆளுக்கு வரும்போது அடுத்த வருஷம் ஆகிவிடும். புதிய மொழிபெயர்ப்பு ஆளுக்கொன்று வாங்குகிற விலையில் இல்லை.

ஆகவே என் யோசனை இப்படி இருந்தது. தனியாக ஒருவர் ஒரே புத்தகம் படிப்பதாக இருந்து, கட்சி அரசியலில் கொஞ்சமாவது அடிபட்டவராகவும் இருந்தால், அவருக்குக் கோஸ்லர். பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் பரிசளிக்க பிராட்பரி. ஸம்யாதினை மற்றவர்களைப் படித்த பிறகு படிக்கலாம், ருசி கூடும். ஹக்ஸ்லியின் முதல் மூன்று அத்தியாயம் எவருக்கும் கட்டாயம், மீதி அவரவர் விருப்பம். ஒரு அறை நிறைய, வெவ்வேறு வேலை பார்த்த ஆட்கள் உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் "1984". ஏனென்றால் அதில் ஒவ்வொருவருக்கும் தெரிந்த ஒரு மேசை இருக்கிறது.

மறு வாக்கெடுப்பில் "1984"க்கு எட்டு. தொழிற்சங்க அண்ணன் மாறவில்லை, கோஸ்லருக்கே கை தூக்கினார். நான்காவது கூட்டத்தில் ருபஷோவைப் பற்றி அரை மணி அவர் பேசுவது என்று ஏற்பாடு. கல்லூரிப் பெண் ஹக்ஸ்லியிலேயே நின்றாள், அவளோடு இன்னும் இரண்டு பேர்.

சார் நோட்டைத் திறந்தார். போன கூட்டத்தில் எழுதியிருந்த "டார்க்னெஸ் அட் நூன்" என்பதன் மேல் ஸ்கேல் வைத்து ஒரே ஒரு கோடு போட்டார். மேலே "1984" என்று எழுதினார். பக்கத்தில் சின்னக் கையெழுத்து, அதற்குக் கீழே தேதி.